வயல் வேலை செய்யும் அம்மாவின் முகத்தில் கறுத்தப் பொட்டுகள்: ஈரலா, வயதா, கிறீமா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். தருமபுரம் பக்கம் வயலும் கச்சானும் செய்கிற அம்மா, வயது 57. இரண்டு மூன்று வருசமாகக் கன்னத்திலும் புறங்கையிலும் கறுத்தப் பொட்டுகள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த டப்பாக் கிறீமைப் பூச, மூன்று கிழமையில் முகம் வெளித்தது. விட்டதும் முன்னையிலும் பார்க்கக் கறுத்து, வெயில் பட்டால் எரிகிறது என்கிறார். ஈரல் பழுதென்று ஒருவர், வயது போனால் அப்படித்தான் என்று இன்னொருவர், லேசர் அடிக்கச் சொல்லிக் கனடாவிலிருந்து சித்தி. ஆவணியில் தங்கச்சியின் கலியாணம், இன்னும் பத்துக் கிழமை. "அதற்குள் போக்க என்ன பூசலாம்?" என்று முடித்திருக்கிறீர்கள். எழுதியது அந்த ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று இருக்கின்றன: அது என்ன பொட்டு, அந்தக் கிறீம் அம்மாவை என்ன செய்தது, இனி எதைத் தொடாமல் இருப்பது. கடைசிக் கேள்விக்குத்தான் என்னிடம் அதிகம் பதில் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் தோல் நோய் நிபுணர் இல்லை. வன்னி ஆஸ்பத்திரிகளில் மருத்துவ உத்தியோகத்தராக இருந்தவன். அதில் பதினொரு வருசம் தோல் கிளினிக்கில் நிபுணருக்குக் கீழே வேலை. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் படம் பார்த்து நோய் சொல்லும் துணிவு இன்னும் வரவில்லை. நீங்கள் போட்ட படத்தில் கைபேசியே அம்மாவின் முகத்தை வெளுப்பாக்கி விட்டது. பொட்டின் விளிம்பு எங்கே என்று கூடத் தெரியவில்லை. ஆகவே கீழே வருவது உங்கள் அம்மாவின் நோய் நிர்ணயம் அல்ல. அதை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

ஈரல் கதையை முதலில் முடித்துவிடுவோம். வெயிலால் வருகிற தட்டையான மண்ணிறப் பொட்டுகளை வெள்ளைக்காரர் ஒரு காலத்தில் 'ஈரல் பொட்டு' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் எப்படியோ எங்கள் ஊருக்கும் வந்து, இப்போது பொட்டைக் கண்டவுடன் கீழ்க்காய் நெல்லி அரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பொட்டுக்கும் ஈரலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, இது உறுதி. ஈரல் பழுதானால் கண் மஞ்சளாகும், உடம்பு கடிக்கும், வயிறு வீங்கும், கால் வீங்கும். செங்கமாரி கண்ட சனத்துக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

"வயது போனால் வரும்" என்பது பாதி உண்மை. பொட்டைப் போடுவது வயதல்ல, அந்த வயது வரைக்கும் பட்ட வெயில். புடவைக்குள் மறைந்திருக்கிற வயிற்றுத் தோலுக்கும் 57 வயதுதான். அங்கே ஒரு பொட்டும் இராது. தோலில் நிறத்தைச் செய்கிற செல்கள், தாங்கள் செய்த கருநிறத்தைப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. அவை அதை வாங்கித் தங்கள் கருவுக்கு மேலே, வெயில் வருகிற பக்கமாக, ஒரு தொப்பி மாதிரிக் கவிழ்த்து வைக்கின்றன. உள்ளே இருக்கிற மரபுப் பொருளை வெயில் சுடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வருசக் கணக்காக வெயில் பட்டு, சில இடங்களில் இந்தச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் நிறத்தைச் செய்யத் தொடங்கும்போது வருவதுதான் வெயில் பொட்டு.

எங்கள் தோலுக்கு இதில் ஒரு தனிக்குணம் உண்டு. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள். எங்கள் நிறத் தோலில் எந்த எரிச்சலும் கறுப்பாகத்தான் முடியும். நுளம்பு கடித்துச் சொறிந்தால் கறுப்பு, பரு ஆறினால் கறுப்பு, சட்டி சுட்டால் கறுப்பு, கடுமையான கிறீம் எரித்தால் அதுவும் கறுப்பு. வெள்ளைத் தோல் சிவந்து ஆறுகிற இடத்தில் எங்கள் தோல் கறுத்து, மாதக் கணக்கில் அப்படியே நிற்கும். கரும்புள்ளியைப் போக்கவென்று நாங்கள் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவை தோலை எரிக்கிற காரியங்கள். கிளினிக்குக்கு வந்த முகங்களில், பொட்டால் கெட்டதை விட வைத்தியத்தால் கெட்டதே அதிகம் என்பது என் எண்ணம். எண்ணிக் கணக்கு வைக்கவில்லை, ஆனாலும் அந்த எண்ணம் மாறவில்லை.

இனி, அது என்ன பொட்டு என்பது. எங்கள் சனத்தில் 50 தாண்டியவர்களின் முகத்தில் 'கரும்புள்ளி' என்று சொல்லப்படுவது குறைந்தது ஐந்தாறு வேறு வேறு சங்கதிகள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கைக்கு ஒன்றும் தட்டுப்படாமல், தட்டையாய், விளிம்பு தெளிவாய், புறங்கையிலும் கன்னமேட்டிலும் இருந்தால் வெயில் பொட்டாக இருக்கலாம். மிளகளவு, அதிலும் சின்னதாய்க் கறுத்த மணிகள் மாதிரிக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் தட்டுப்பட்டால், தாய்க்கும் பாட்டிக்கும் அப்படியே இருந்ததா என்று கேளுங்கள். அது குடும்ப வழியில் வருகிற ஒன்று. கருநிறத் தோலுக்கே உரியது, ஒரு தீங்கும் இல்லை. மெழுகு ஒட்டி வைத்தது போல, நகத்தால் சுரண்டினால் கழன்றுவிடும் போலத் தோன்றுகிற தடித்த பொட்டு வயதானவர்களுக்கு வருவது, அதுவும் தீங்கற்றது. சுரண்டாதீர்கள். இரண்டு கன்னத்திலும், நெற்றியிலும், மேலுதட்டுக்கு மேலும் ஒரே அளவாகப் புகை படர்ந்த மாதிரி இருந்தால் அது மங்கு. பிள்ளை வயிற்றில் இருந்த காலத்திலோ குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுத்த காலத்திலோ தொடங்கியிருக்கும். வெயில் அதை விட்டுவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

கழுத்தின் பின்பக்கமும் கமக்கட்டும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணியைத் தொட்டது போல இருந்தால் கதை வேறு. அது தோலின் நோயல்ல, உடம்பில் இன்சுலின் வேலை செய்யாமல் இருப்பதன் அடையாளம். அதே கறுப்பு நெற்றியோரமும் கன்னமேட்டிலும் வரும், மங்கு என்று நினைத்து வருசக் கணக்காகக் கிறீம் பூசுவார்கள். அம்மாவுக்கு அப்படி இருந்தால் கிறீமுக்குக் கொடுக்கும் காசில் வெறும் வயிற்றில் சீனி பாருங்கள். விரல் மொளிகள் மட்டும் கறுத்திருந்து, மச்சம் மாமிசம் தொடாதவராகவும் இருந்தால் விட்டமின் பி12 குறைவு ஒரு காரணம். தலைமயிர்ச் சாயம் பூசுகிறவருக்கு நெற்றியோரமும் காதோரமும் கறுத்து வந்தால் அந்தச் சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். பிரசருக்கு எடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைட் மாத்திரை சிலருக்கு வெயிலைத் தாங்க முடியாத தோலைக் கொடுக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்கும் உடம்பு கறுக்கும். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் உள்ள இடம் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

புற்றுநோய் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கலாம். கன்னத்திலும் கையிலும் இரண்டு பக்கமும் பரவலாக, வருசக் கணக்கில் மெதுவாக வந்த தட்டையான பொட்டுகள் புற்றுநோயாக இருப்பது எங்கள் தோலில் மிக அரிது. ஆனால் அரிது என்பதற்காகப் பார்க்காமல் விடக்கூடாத இடங்கள் சில உண்டு. கறுப்புப் புற்றுநோய் (மெலனோமா) எங்களைப் போன்ற தோலில் பெரும்பாலும் வெயில் படுகிற முகத்தை விட்டுவிட்டு உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும். பாட்டுக்காரர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில்தான் 1977இல் கண்டுபிடித்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார். சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் உள்ளங்காலைப் பார்ப்பதே இல்லை. இன்றைக்கு இரவு அம்மாவின் காலைக் கழுவி விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக வந்து பெருக்கிற கறுப்பு, விளிம்பு கோணலாய், ஒரே பொட்டில் இரண்டு மூன்று நிறமாய் இருப்பது, நகத்தில் நீளமாக ஓடி அகலித்துக்கொண்டு வருகிற கறுப்புக் கோடு, முகத்தில் பளபளப்பான கறுத்த பரு மாதிரி வந்து இரத்தம் கசிந்து ஆறாமல் நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கலியாணம் முடியட்டும் என்று பின்போட வேண்டாம்.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. பழைய தீக்காயத் தழும்பு, எறிகணை (ஷெல்) பட்ட காயத்தின் தழும்பு, வருசக் கணக்கில் ஆறாமல் கசிகிற புண், இவற்றில் இருந்து புற்றுநோய் கிளம்புவது மருத்துவத்துக்குப் பழைய செய்தி. காயம் பட்டுப் பத்து, இருபது, முப்பது வருசம் கழித்தும் வரும். 2009க்கும் அதற்கு முந்தின காலத்துக்கும் உரிய தழும்புகளோடு எத்தனை பேர் எங்களிடையே நடமாடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தழும்பில் புதிதாகப் புண் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆறாவிட்டால், அல்லது ஓரம் தடித்துப் பூக்கோசு மாதிரி எழும்பினால், மருந்து கட்டிக்கொண்டே இருக்காமல் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கேள்விக்கு இது வெளியேதான். ஆனாலும் தோலைப் பற்றி வன்னியில் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. அதே போல, நிறம் வெளிறி, தொட்டால் உணர்ச்சி தெரியாத படை எங்கேனும் இருந்தால் அது தேமல் அல்ல. தொழுநோயாக இருக்கலாம், மருந்து இலவசம், முழுமையாக மாறும்.

இப்போது அந்தக் கிறீம். பெயர் எழுதாத டப்பா, மூன்று கிழமையில் வெளுப்பு, விட்டதும் எரிவும் கறுப்பும். இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் நினைப்பது உள்ளே ஸ்டீரொயிட் (சிவப்பையும் வீக்கத்தையும் அடக்குகிற மருந்து) இருக்கிறது என்று. குளோபெட்டசோல், பெட்டமெதசோன் போன்றவை சில தோல் நோய்களுக்கு நல்ல மருந்துகள், ஆனால் முகத்துக்கு நாட்கணக்கில் பூசுவதற்கு உரியவை அல்ல. முதலில் தோலை வெளுக்கச் செய்யும், ஆள் மகிழ்வார். பிறகு தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், பருக்கள் கிளம்பும், பெண்களுக்கு முகத்தில் மயிர் முளைக்கும். நிறுத்தினால் நெருப்பாய் எரியும். எரிவைத் தாங்காமல் மறுபடி பூசுவார்கள், அந்தக் கிறீமுக்கு முகம் அடிமை. மூன்று கிழமை என்றால் நிறுத்திவிடலாம்; சில கிழமை எரிவும் சிவப்பும் இருக்கும், குளிர்ந்த தண்ணீர்த் துணியும் மணமில்லாத வெள்ளை வாஸ்லினும் போதும். மாதக் கணக்கில் பூசியிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். அம்மா உங்களிடம் சொன்ன மூன்று கிழமை உண்மையில் மூன்று மாதமாகவும் இருக்கலாம். கோபிக்காமல் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவதாக இருக்கக்கூடியது ஹைட்ரோகுவினோன். நிறம் செய்கிற நொதியைத் தடுக்கிறது, உண்மையாகவே வேலை செய்கிறது. அதனால்தான் ஆபத்தும். வருசக் கணக்கில் பூசினால் கன்னத்தில் நீலங்கலந்த கறுப்புப் படிந்துவிடும். அதைப் போக்க நல்ல வழி இன்றுவரை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே அழகுசாதனங்களில் இதைத் தடை செய்தது. மூன்றாவது பாதரசம். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை, தோல் வெளுப்பாக்கும் பூச்சுகளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்று முதலில் சொன்னது; 2023இல் எடுத்த முடிவின்படி 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த பூச்சே கூடாது என்கிறது. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. இருந்தும் இப்படியான டப்பாக்கள் கைமாறிக் கைமாறி வருகின்றன. பாதரசம் தோலோடு நிற்காது, சிறுநீரகத்துக்குப் போகும். சிறுநீர் நுரைத்துப் போவதும் காலையில் கண்மடல் வீங்குவதும் அடையாளம். உறையில் "தங்கம், வெள்ளி நகையில் படவிடாதீர்கள்" என்று எச்சரிக்கை இருந்தால் அது பாதரசத்தின் குறி. பாதரசம் தங்கத்தில் ஒட்டி அதை வெளிறச் செய்யும். தாலிக்கொடிக்கு ஆகாததை முகத்துக்குப் பூசுவதா என்று கிளினிக்கில் கேட்டால் அம்மாமார் உடனே விளங்கிக்கொள்வார்கள். வேறு எந்த விளக்கமும் அந்தளவுக்கு எடுபடவில்லை.

வீட்டு மருந்துகள் "இயற்கைதானே" என்று வரும். தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு வயலுக்குப் போவது மிக மோசமான யோசனை. தேசிக்காயில், அதுவும் தோலில், வெயிலோடு சேர்ந்தால் எரிக்கிற பொருள் இருக்கிறது. ஒரு நாள் கழித்துச் சிவந்து கொப்புளிக்கும், பிறகு வழிந்த கோட்டிலேயே கறுக்கும். தன் கலியாணத்துக்கு நாலு நாள் இருக்க இப்படி வந்த ஒரு பொடியனை எனக்கு ஞாபகம். விரல் நாலும் கன்னத்தில் இழுத்த மாதிரிக் கோடுகள், ஆரோ அறைந்தது போல. சேங்கொட்டைப் பால், சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, மரமுந்திரிகைக் கோதின் எண்ணெய், பப்பாசிப் பால் எல்லாம் தோலைச் சுடுபவை. பொட்டு சுட்டுப் போகும், அந்த இடத்தில் அதை விடப் பெரிய கறுப்போ வெள்ளையோ வரும். நாரால் தேய்த்துக் குளித்துக் கறுப்பைக் 'கழுவ' முயல்வதும் அப்படித்தான், தேய்ப்பே கறுப்பாக்கும். கற்றாழை, தயிர், கஸ்தூரி மஞ்சள் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. கற்றாழையில் நிறத்தைத் தடுக்கிற பொருள் இருப்பது ஆய்வுகூடத்தில் தெரிந்ததுதான், ஆனால் மனித முகத்தில் பொட்டைப் போக்கும் என்று சொல்லச் சான்று போதாது. பூசினால் குளிர்மையாக இருக்கும். அந்த அளவில் பூசட்டும்.

தடுப்புக்கு வருவோம். அம்மாவுக்கு உண்மையில் பலன் தரப்போவது இதுதான். கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சூரியன் வருசத்தில் இரண்டு தரம் எங்கள் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும்: சித்திரை வருசப் பிறப்பை ஒட்டி ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் மறுமுறை. சிறுபோகம் இந்த இரண்டுக்கும் இடையில் விழுகிறது. உச்சி வெயில் என்பது எங்கள் மணிக்கூட்டில் பன்னிரண்டு மணியை ஒட்டித்தான். உங்கள் நிழல் உங்களை விடக் கட்டையாக இருக்கும் நேரமெல்லாம் தோலைச் சுடுகிற கதிர் பலமாக இருக்கும் நேரம். சித்திரையில் அது காலை ஒன்பது தொடக்கம் பின்னேரம் மூன்று வரை. மார்கழியில் வெயில் சாய்ந்தது போலத் தெரிந்தாலும் உச்சியில் நிழல் ஆளுயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே காலபோகத்திலும் விடுதலை இல்லை. மெல்லிய முகில் சூட்டைக் குறைக்குமே தவிரக் கதிரை அந்தளவுக்குக் குறைக்காது. உலர்ந்த கடல் மணல் 15 வீதத்தையும் கடல் நுரை 25 வீதத்தையும் திருப்பி எறியும். அதனால்தான் முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவருக்குத் தொப்பி போட்டும் நாடிக்குக் கீழே கறுக்கிறது.

வயலில் எங்கள் பெண்கள் புருசனின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு இறங்குவார்களே, அதை விடச் சிறந்த பாதுகாப்பு எந்தப் போத்தலிலும் இல்லை. அதில் இரண்டு திருத்தம் மட்டும். வெளுத்து மெலிந்த பழைய வெள்ளைச் சட்டை, அதுவும் வேர்வையில் நனைந்தது, கதிரை நன்றாக உள்ளே விடும். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் கடும் நிறச் சட்டை நல்லது. துவாய் தலையைக் காக்கும், கன்னத்தைக் காக்காது. அதற்கு மேல் சுற்றிவர நாலு விரல் அகல ஓரமுள்ள பனையோலைத் தொப்பி போடச் சொல்லுங்கள். முன்னுக்கு மட்டும் நீண்ட கிரிக்கெட் தொப்பி காதையும் கழுத்தையும் விட்டுவிடும். களை பிடுங்குவதைக் காலை ஒன்பதுக்கு முதலும் மூன்றுக்குப் பிறகும் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. கூலிக்குப் போகிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது; சொந்த வயல் என்றால் முடியும்.

சன்ஸ்கிறீன் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 900 பேரளவில் நாலரை வருசம் பின்தொடர்ந்து, தினமும் பூசியவர்களின் தோல் மெதுவாகவே மூப்படைந்ததைக் காட்டினார்கள், 2013இல் வெளியானது. நல்ல ஆய்வு, ஆனால் பெரும்பாலும் வெள்ளைத் தோல். எங்கள் தோலுக்கும் பொருந்தும் என்று நம்ப நியாயம் இருக்கிறது, அதே அளவுக்கா என்பது சந்தேகம். SPF எண் 30 என்று போட்டது தோலைச் சுடுகிற கதிரில் 97 வீதத்தையும், 50 என்று போட்டது 98 வீதத்தையும் தடுக்கும். ஆகவே பெரிய எண்ணுக்குப் பெரிய காசு கொடுக்க வேண்டாம். ஆனால் அந்தத் தடுப்பு, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி பூசி, வெயிலில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி பூசினால்தான். நாளைக்கு இரண்டு தரம் அப்படிப் பூசினால் 50 மில்லிலீற்றர் டியூப் பத்து நாளில் முடியும். ஒரு டியூப்பை ஆறு மாதம் வைத்திருந்தவர்கள் "பூசியும் பலனில்லை" என்று வந்தால் நான் டியூப்பைத்தான் பார்ப்பேன். காசு குறைவென்றால் தொப்பியும் சட்டையும் முதலில், மிஞ்சினால் சன்ஸ்கிறீன். மங்கு என்று உறுதியானால் மட்டும் ஒரு விசேசம் உண்டு: கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் எங்கள் தோலில் மங்கைக் கூட்டும், வெள்ளையாய் இருக்கிற சன்ஸ்கிறீன் அதை நன்றாக மறிக்காது. இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறத்தில் வருகிறவை மறிக்கும். விறகடுப்பின் சூடு மங்கைக் கூட்டுமா என்று அடிக்கடி கேட்பார்கள். கூட்டலாம் என்று பல நிபுணர்கள் நினைக்கிறார்கள், ஆனால் வெயிலுக்கு உள்ள அளவு சான்று அதற்கு இல்லை.

கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் வெயில் படாது என்பதும் தவறு. சுடுகிற கதிரைக் கண்ணாடி மறிக்கும்; தோலைக் கிழமாக்குகிற மற்றக் கதிர் ஊடுருவும். 28 வருசம் லொறி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்தது: யன்னல் பக்கத்து இடக் கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கி, மற்றக் கன்னம் அதை விட எவ்வளவோ இளமையாக. எங்கள் ஏ9 பஸ் சாரதிமாருக்கு அது வலக் கையிலும் வலக் கன்னத்திலும். அடுத்த முறை ஏறும்போது பாருங்கள்.

பூசுகிற மருந்துகளில், எரிவு முழுக்க அடங்கிய பிறகு, நான் முதலில் யோசிப்பது அசலாயிக் அமிலம் அல்லது நயாசினமைட். இரண்டும் மெதுவானவை, தோலை அதிகம் கோபப்படுத்தாதவை. டிரெட்டினொயின் (விட்டமின் ஏ வகை மருந்து) வெயில் பொட்டை வெளிறச் செய்யும் என்பது உறுதி, ஆனால் சோதனைகளில் பத்து மாதம் பூசித்தான் அந்தப் பலன்; தொடக்கத்தில் எரிச்சல் தரும், பிள்ளைத்தாச்சிகளும் பிள்ளை உண்டாக நினைக்கிறவர்களும் பூசக்கூடாது. (அம்மாவின் டியூப்பைத் தங்கச்சியும் பூசக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.) ஹைட்ரோகுவினோன், டிரெட்டினொயின், ஒரு மெல்லிய ஸ்டீரொயிட் மூன்றும் சேர்ந்த கிறீம் மங்குக்கு நல்ல மருந்து, அந்தச் சேர்க்கையின் மூல வடிவம் 1975இல் இருந்தே உண்டு. நிபுணர் எழுதி, நாள் எண்ணிப் பூசி, மாதக் கணக்கோடு நிறுத்த வேண்டியது. பார்மசியில் கேட்டு வாங்கி வருசக் கணக்கில் பூசுவதற்கு அல்ல. டிரனெக்சாமிக் அமில மாத்திரை மங்குக்கு உதவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் இரத்தம் கட்டும் ஆபத்து உள்ளவருக்கு ஆகாது. அதை இணையத்தில் கேட்டு எடுக்க வேண்டாம். வெள்ளையாக்கும் குளுட்டாதையோன் ஊசிக்கு நான் மதிக்கக்கூடிய சான்று இல்லை, காசுக்கும் கேடு.

சித்தி சொல்லும் லேசர் பொய்யல்ல. வெள்ளைத் தோலில் வெயில் பொட்டுக்கு ஒன்றிரண்டு முறை அடித்தாலே போகும். லேசர் தேடிப் போவது கறுப்பு நிறத்தை. வெள்ளைத் தோலில் பொட்டு மட்டும்தான் கறுப்பு, எங்களுக்குச் சுற்றியுள்ள தோலும் கறுப்பு. அனுபவமில்லாத கையில் அது இரண்டையும் சுடும். மங்குக்கு அடித்தால் திரும்பி வருவதும் அடிக்கடி நடக்கும். திரவ நைதரசன் வைத்து உறைய வைப்பதும் அப்படித்தான்: நிறம் செய்கிற செல்கள் சைபருக்கும் 4 பாகை கீழே போன உடனேயே சாகத் தொடங்கும், மற்றத் தோல் செல்கள் அதை விட எவ்வளவோ குளிரைத் தாங்கும். விளைவு, கரும்பொட்டு இருந்த இடத்தில் வெண்பொட்டு. கண்ணைச் சுற்றிய சின்ன மணிகளை மட்டும், கைபழகிய நிபுணர் மெல்லிய மின்சூட்டால் எடுப்பார். அதையும் ஒன்றிரண்டில் செய்து பார்த்து, ஆறுகிற விதத்தைக் கண்டபிறகு மிச்சத்தைச் செய்வது நல்லது.

கலியாணத்துக்குப் பத்துக் கிழமை. மேல்தோல் தன்னைப் புதுப்பிக்க ஒரு மாதத்துக்கு மேல், வயதானால் இன்னும் கூட எடுக்கும். எந்த நல்ல மருந்தும் இரண்டு மூன்று மாதத்துக்கு முதல் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஆவணிக்குள் பொட்டுப் போகாது. கிறீமால் வந்த எரிவும் சிவப்பும் போய்விடும், தொப்பியும் சட்டையும் ஒழுங்காக இருந்தால் சுற்றியுள்ள கறுப்பும் கொஞ்சம் தணியும். அன்றைக்கு ஒரு நாளைக்கு அம்மாவின் நிறத்துக்கு ஒத்த மேக்கப் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதன்முதலாக அன்றைக்குப் போட்டுப் பார்க்காமல் இரண்டு கிழமைக்கு முதல் முழங்கை மடிப்பில் பூசிப் பாருங்கள். கலியாணத்துக்கு முந்தின கிழமை பேசியல், பிளீச் என்று ஒருவரும் இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முதல் ஒரு நாள் கிட்டிய அரச ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லுங்கள். காசு இல்லை, காத்திருப்புத்தான். போகிற அன்று முகத்தில் பவுடரும் பூசாமல், அம்மா எடுக்கிற எல்லா மாத்திரையையும், கிளினிக் கொப்பியையும், அந்த டப்பாவையும் கொண்டு போங்கள். டப்பாவைக் கோபத்தில் எறிந்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னொன்று இருக்கும். அவரும் பூசிக்கொண்டுதான் இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.